மங்கள ஜாதகம்

கந்தசாமி பொய் சொல்லவில்லை. இதை அவர் இன்றைக்கும் யார் தலையில் வேண்டுமானாலும் அடித்துச் சத்தியம் செய்வார். மாப்பிள்ளையின் அப்பா, "பொண்ணுக்குத் தோஷம் கீஷம் ஒண்ணும் இல்லையே?" என்று கேட்டபோது அவர் சொன்னது இவ்வளவுதான்: "ஏனுங்க இப்படிக் கேட்டுப்போட்டீங்க? என்ற புள்ளயோடது மங்கள ஜாதகமுங்க."

கேட்டவர் பெயர் சேகரன். ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், மைசூரிலேயே பிறந்து வளர்ந்த தமிழர். மங்கள என்ற சொல் காதில் விழுந்ததும் அவருக்கு மஞ்சளும் குங்குமமும் மேளச் சத்தமும்தான் நினைவுக்கு வந்தன. முகமெல்லாம் மலர்ந்துபோய், "அதுதாங்க வேணும்" என்று சொல்லிக் கேசரியை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். கன்னடத்தில் செவ்வாய்க் கிரகத்துக்கும் மங்கள என்றுதான் பெயர். அது அவருக்குத் தெரியாததல்ல. வாராவாரம் மங்களவாரம் வந்துகொண்டுதான் இருக்கிறது. ஆனால் கேசரி தின்னும் நேரத்தில் யார் கிரகத்தை நினைக்கிறார்கள்?

கந்தசாமி நினைத்தார். ராமாபுரத்திலிருந்து சென்ட்ரிங் வேலைக்கு மைசூர் வந்தவர் அவர். தமிழ் பேசும் கூலியாட்களுக்கும் கன்னடம் பேசும் இன்ஜினியர்களுக்கும் நடுவில் நின்றே பிழைத்தவர். எந்தச் சொல்லை எந்தப் பக்கம் திருப்பினால் யாருக்கு எப்படிக் கேட்கும் என்பது அவருக்கு அத்துப்படி. அவருடைய ஒரே மகள் தாரணிக்கு எட்டாம் இடத்தில் செவ்வாய். எட்டில் செவ்வாய் இருக்கிற பெண்ணைக் கட்டினால் புருஷன் உயிருக்கு ஆகாது என்று ஜோசியர் சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு வந்த வரனெல்லாம் வாசல்வரை வந்து திரும்பியது. குண்டலுபேட்டையிலிருந்து ஒரு காய்கறி வியாபாரி குடும்பத்தோடு வந்து, இரண்டாம் முறை சாம்பார் கேட்டு வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, "ஊருக்குப் போய்ச் சொல்லி அனுப்பறோம்" என்று கிளம்பினார். இன்னும் சொல்லி அனுப்பிக்கொண்டிருக்கிறார்.

தாரணிக்கு முப்பது தாண்டிவிட்டது. முப்பது தாண்டிய பெண்ணை விசேஷ வீடுகளில் பார்க்கும் பார்வை ஒன்று இருக்கிறது. பந்தியில் மீந்துபோன இலையைப் பார்ப்பது போல இருக்கும் அது. அவள் விசேஷங்களுக்குப் போவதையே விட்டுவிட்டாள்.

ஆகவே சேகரன் குடும்பம் கிளம்பிப் போனதும் அவள் அப்பாவைக் கேட்ட கேள்வியில் அத்தனை கடுமை இல்லை.

"அவங்க என்ன கேட்டாங்க, நீங்க என்ன சொன்னீங்கப்பா?"

"பொய்யா சொன்னேன் அம்மணி? செவ்வாய்க்குக் கன்னடத்துல என்ன பேரு? நீயே சொல்லு. நீதான டீச்சரு."

"அவங்களுக்கு அப்படிப் புரியலையே."

"அவீங்களுக்குப் புரியலீன்னா அதுக்கு நானா ஜவாப்தாரி?"

அம்மா வடிவு பாத்திரங்களை அடுக்கிக்கொண்டே, "நீ வாயை மூடிக்கிட்டு இரு கண்ணு" என்றாள். "உங்கொப்பன் ஆயுசுல ஒருவாட்டியாச்சும் உருப்படியா பேசியிருக்கறாரு."

தாரணி வாயை மூடிக்கொண்டாள். அதற்குக் காரணம் அப்பாவும் இல்லை, அம்மாவும் இல்லை. மாப்பிள்ளை ஹேமந்தை அவளுக்குப் பிடித்துவிட்டது. அதை ஒளித்துச் சொல்ல என்ன இருக்கிறது? பிடித்துவிட்டது.

இந்தச் சம்பந்தத்தைக் கொண்டுவந்தவள் ஹேமந்தின் அக்கா பல்லவி. பல்லவியின் மகள் மனிஷா, அக்ரஹாரத்துச் சந்து ஒன்றில் இருக்கும் சின்னத் தனியார் பள்ளியில் நான்காம் வகுப்பு படிக்கிறாள். தாரணி அவளுடைய வகுப்பு மிஸ். பெற்றோர் கூட்டத்தில் மிஸ் தமிழ்ப் பெண் என்று தெரிந்ததும் பல்லவிக்குத் தம்பியின் ஞாபகம் வந்தது. அடுத்த வாரமே வீட்டைக் கேட்டுக்கொண்டு வந்துவிட்டாள். ராசியும் நட்சத்திரமும் பொருந்தின. அதற்கு மேல் கட்டத்தைப் பார்க்க வேண்டிய வேலையை மங்கள என்ற ஒரு சொல் மிச்சம் பிடித்துக் கொடுத்தது. பூ வைத்து, தட்டு மாற்றி, வைகாசியில் கல்யாணம் என்று பேசி முடித்தார்கள். மனிஷாவுக்குத் தலைகால் புரியவில்லை. வீட்டில் அத்தை என்று கூப்பிடச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். பள்ளியில் மிஸ் என்றே கூப்பிட வேண்டும் என்றும் சொல்லியிருந்தார்கள். அவள் இரண்டையும் குழப்பி, "அத்தை மிஸ்" என்று கூப்பிட்டு வகுப்பையே சிரிக்க வைத்தாள்.

சேகரனும் சும்மா இருக்கவில்லை. பத்திரிகைக்கு மாதிரி காட்ட வந்தவரிடமும், பால் ஊற்ற வந்தவரிடமும், "நம்ம வீட்டுக்கு வர்ற பொண்ணு மங்கள ஜாதகம்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். இதை மனிஷா பேச்சுவாக்கில் சொல்லக் கேட்கும்போதெல்லாம் தாரணி அவசரமாகப் பேச்சை மாற்றுவாள்.

ஹேமந்திடம் சொல்லிவிட வேண்டும் என்றுதான் அவள் நினைத்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் அக்ரஹாரத்துக் காபிக் கடையில் சந்தித்துக்கொள்வார்கள். அவன் எப்போதும், "ஒரு பைடூ" என்று சொல்லுவான். ஒரு காபியை இரண்டு தம்ளரில் பாதிப் பாதியாக ஊற்றிக் கொண்டுவந்து வைப்பார்கள். ஒருநாள் அவனாகவே, "எனக்கு ஜாதகம் ஜோசியத்துலயெல்லாம் நம்பிக்கையே இல்ல. எல்லாம் அம்மா அப்பா திருப்திக்கு" என்றான். நம்பிக்கையே இல்லாதவனிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது என்று அவள் அன்றைக்குச் சொல்லவில்லை. மறுவாரமும் சொல்லவில்லை. மனசுக்கு வேண்டிய காரணம் கிடைத்துவிட்டால் மனிதர்கள் அதற்கு மேல் தேட மாட்டார்கள், தாரணியும் தேடவில்லை.

இப்படி இருக்கையில்தான் பிப்ரவரியில் சூரியக் குடும்பம் பாடம் வந்தது.

கோள்களைப் பிள்ளைகளுக்கு அறிமுகப்படுத்தத் தாரணிக்கென்று ஒரு வழி இருந்தது. பாடப்புத்தகம் சூரியனைச் சுற்றி எட்டு உருண்டைகளைப் போட்டு, பெயர்களை மனப்பாடம் செய் என்று சொல்லும். பிள்ளைகளும் செய்வார்கள், பரீட்சை முடிந்ததும் மறப்பார்கள். தாரணி புத்தகத்தை மூடி வைக்கச் சொல்லிவிட்டுக் கிழமைகளைக் கேட்பாள்.

"பானுவார, சோமவார, மங்களவார" என்று வகுப்பே கன்னடத்தில் கத்தும். ஒவ்வொன்றையும் கரும்பலகையில் எழுதிவிட்டு, டஸ்டரை எடுத்து எல்லாவற்றின் வாலிலும் இருக்கும் 'வார' என்பதை மட்டும் அழிப்பாள். மங்கள, புத, குரு, சுக்ர, சனி என்று பெயர்கள் தனியே நிற்கும்.

"புதுசா நான் எதுவும் சொல்லித்தரல. இவங்க பேரெல்லாம் உங்களுக்கு ஏற்கெனவே தெரியும். தினமும் கூப்பிட்டுக்கிட்டுதான் இருக்கீங்க" என்பாள்.

பிள்ளைகள் வாயைப் பிளந்துகொண்டு பார்க்கும் அந்த ஒரு நிமிஷத்துக்காகத்தான் அவள் இந்த வேலையில் இருந்தாள்.

அன்றைக்கும் அப்படித்தான். மங்கள கிரகம் ஏன் சிவப்பு என்று கேட்டதற்கு, "மழையில கெடந்த சைக்கிள் செயின் என்ன நிறம்? அதே துருதான். அந்த ஊர் மண்ணெல்லாம் துருப்பிடிச்ச மண்" என்றாள். அப்புறம் வழக்கமாகக் கேட்கும் கேள்வியைக் கேட்டாள். "உங்க உங்க வீட்ல இதை என்ன சொல்வாங்க?"

தெலுங்கு வீட்டுப் பையன் மங்களவாரம் என்றான். உருது பேசும் பெண் மங்கல் என்றாள். எல்லார் வீட்டிலும் ஒரே பெயர் என்று வகுப்பு சிரித்தது. அப்போதுதான் மனிஷா கையைத் தூக்கினாள். இப்படி ஒன்று வரும் என்று தாரணிக்கு முன்பே தோன்றியிருக்க வேண்டும். வருஷாவருஷம் கேட்ட கேள்விதானே என்று யோசிக்காமல் கேட்டுவிட்டாள்.

"எங்க வீட்ல செவ்வாய்க்கிழமை. செவ்வாய் வெள்ளி முட்டை கெடையாது" என்றாள் மனிஷா. பிறகு கரும்பலகையைப் பார்த்துக் கண்ணைச் சுருக்கினாள். "அப்போ கிழமையை அழிச்சா செவ்வாய். மங்களவும் செவ்வாயும் ஒண்ணா மிஸ்?"

"ஒண்ணுதான். கரெக்டா கண்டுபிடிச்சுட்ட."

மனிஷாவின் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். கண்டுபிடித்துவிட்டவள் அதோடு உட்கார்ந்திருக்கலாம். உட்காரவில்லை. கண்டுபிடிப்பு ருசி கண்ட பிள்ளை அடுத்ததற்குப் போனது. சொந்தக்காரியிடம் கேட்பது போலக் குரலைத் தாழ்த்தி, தமிழில் கேட்டது.

"அப்போ நீங்க செவ்வாய் ஜாதகமா அத்தை? தாத்தா உங்களை மங்கள ஜாதகம்னுதானே சொன்னாரு?"

வகுப்பில் தமிழ் புரிந்த பிள்ளைகள் நாலைந்து பேர்தான். மற்றவர்கள் ஜன்னல் பக்கம் பார்க்க ஆரம்பித்திருந்தார்கள். தாரணி கையில் டஸ்டரோடு நின்றாள். அது வேற மங்கள, இது வேற மங்கள என்று சொன்னால் போதும். பிள்ளை தலையாட்டிவிட்டு உட்கார்ந்துவிடும். வைகாசியில் கல்யாணம் நடக்கும். எவ்வளவு சின்னப் பொய் அது! அப்பா சொன்னதைவிடச் சின்னது.

ஆனால் மனிஷா அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கரும்பலகையிலிருந்து தன் புத்தியால் ஒவ்வொரு படியாக ஏறி வந்து நிற்கிற பிள்ளை. அப்படி இல்லை என்று மிஸ் இப்போது சொன்னால் அது என்ன நினைக்கும்? தான் யோசித்த விதமே தப்பு என்று நினைக்கும். அடுத்த முறை கையைத் தூக்காது. கையைத் தூக்காத பிள்ளைகளைத் தாரணி நிறையப் பார்த்திருக்கிறாள். அவளும் ஒரு காலத்தில் அப்படி இருந்தவள்தான்.

"ஆமா மனிஷா. அதே மங்களதான்" என்றாள்.

மனிஷா சந்தோஷமாக உட்கார்ந்தாள். தாரணி திரும்பிப் புதனைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தாள்.

புதிதாகக் கற்றுக்கொண்டதை எந்தப் பிள்ளையாவது பையிலேயே வைத்துக்கொண்டிருக்குமா? அன்று சாயங்காலம் சேகரன் யாரோ ஒரு நண்பரிடம் மங்கள ஜாதகப் பெருமையை மறுபடி எடுத்திருக்கிறார். மனிஷா குறுக்கே புகுந்து, "தாத்தா, மங்களன்னா செவ்வாய். மிஸ்ஸே சொன்னாங்க, அவங்களது செவ்வாய் ஜாதகம்" என்று திருத்தியிருக்கிறாள். கேசரி சாப்பிட்ட நாளில் வராத கிரக ஞானம் சேகரனுக்கு அந்த நிமிஷம் வந்துவிட்டது.

மறுநாள் பள்ளி விடும் நேரத்தில் பல்லவி ஸ்கூட்டரில் வந்து நின்றாள். ஹெல்மெட்டைக் கழற்றவில்லை.

"குழந்தை சொல்றது நிஜமா?"

"நிஜம்தான்."

"உங்க அப்பா மங்கள ஜாதகம்னாரே."

"அதுவும் நிஜம்தான்" என்றாள் தாரணி. சொல்லும்போதே அவளுக்குத் தன் மேல் அருவருப்பாக இருந்தது.

பல்லவிக்குக் கண் கலங்கியிருந்தது. "நான்தான் தேடிக்கிட்டு வந்து உங்களை எங்க வீட்டுக்குள்ள கூட்டிட்டுப் போனேன் மிஸ். இப்போ எங்க அம்மா, தம்பியைக் கொல்லப் பாத்தியாடின்னு என்னைக் கேக்கறாங்க. நான் என்ன சொல்லட்டும்?"

பூ வைத்த நாளிலிருந்து தாரணி என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவள் அவள். இப்போது மறுபடி மிஸ் என்றாகிவிட்டது. தாரணிக்கு மற்றதைவிட அதுதான் முதலில் உறைத்தது.

வீட்டில் கந்தசாமி குதித்தார். "வாத்தியார் வேலைக்கு அனுப்புனேன் பாரு, என்னைச் சொல்லோணும். ஊருல நாலு பேரு கேட்டா மறைக்கத் தெரியுது. ஒரு பொடிப் புள்ள கேட்டதுக்கு அப்படியே ஒப்பிச்சுப்போட்டு வந்து நிக்கறா."

வடிவு கத்தவில்லை. அடுப்பைப் பார்த்துக்கொண்டே, "இல்லைன்னு ஒரு வார்த்த சொல்றதுக்கு என்ன கண்ணு?" என்றாள். "ஒரே ஒரு வார்த்த. உன்ற வாய்க்கு அது அவ்வளவு கனமாவா இருந்துச்சு?" பதிலுக்கு நிற்காமல் மூக்கைச் சிந்திப் போட்டுவிட்டு, "எல்லாம் என்ற கெரகசாரம்" என்றாள்.

தாரணிக்கு இன்னும் ஒரு நம்பிக்கை மிச்சம் இருந்தது. ஹேமந்த் இன்னும் பேசவில்லை. ஜாதகத்தில் நம்பிக்கையே இல்லாதவன் அவன். ஞாயிற்றுக்கிழமை வழக்கமான கடைக்கு வரச் சொல்லிச் செய்தி அனுப்பியிருந்தான். அவனுக்குப் பிடித்த இளம்பச்சைச் சேலையைக் கட்டிக்கொண்டு போனாள். போகும் வழியெல்லாம், முன்பே சொல்லாதது என் தப்பு, மன்னித்துவிடுங்கள் என்று சொல்லிப் பார்த்துக்கொண்டே போனாள்.

ஹேமந்த் அவளுக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தான். கடைப் பையனிடம், "ரெண்டு காபி" என்றான். பைடூ சொல்லவில்லை. ஆளுக்கொரு முழு தம்ளர் வந்தது.

"எனக்கு இதுலயெல்லாம் நம்பிக்கை இல்ல தாரணி. உனக்கே தெரியும்."

"தெரியும்."

"ஆனா அம்மா சாப்பிடவே மாட்டேங்கறாங்க. என் உயிரு போயிடும்னு பயம் அவங்களுக்கு. நான் என்ன பண்ண?"

"நான் உங்ககிட்ட முன்னாடியே சொல்லியிருக்கணும். மறைச்சது என் தப்புதான். அதுக்கு நீங்க என்ன திட்டினாலும் கேட்டுக்கறேன்."

அவன் தம்ளரைச் சுற்றிச் சுற்றித் திருப்பினான். "அதெல்லாம் ஒண்ணும் இல்ல. எனக்கு அன்னைக்கே தெரியும்."

"என்ன தெரியும்?"

"உங்க அப்பா மங்கள ஜாதகம்னு சொன்னாருல்ல, அப்பவே புரிஞ்சுடுச்சு. நான் ஸ்கூல் முழுக்கக் கன்னட மீடியம் படிச்சவன். அப்பா பாட்டுக்குக் கேசரியை முழுங்கறாரு, எனக்குச் சிரிப்பை அடக்க முடியல. பொண்ணு புடிச்சிருக்கு, நமக்கெதுக்குன்னு வாயே திறக்காம சும்னே இருந்துட்டேன்."

தாரணிக்கு நெஞ்சுக்குள் என்னவோ அவிழ்ந்தது போல் இருந்தது. தெரிந்தும் சம்மதித்திருக்கிறான். இத்தனை வாரமும் தனியாகத் தூக்கிச் சுமந்ததாக அவள் நினைத்த பாரத்தில் பாதி அவனிடம் இருந்திருக்கிறது. அவளுக்கு அழுகை வந்தது. அது சந்தோஷத்தில் வந்த அழுகை.

"அப்போ வீட்ல சொல்லிடுங்க. தெரிஞ்சுதான் ஒத்துக்கிட்டேன், எனக்கு பயம் இல்லைன்னு நீங்களே சொல்லிட்டா..."

"அதெப்படிச் சொல்றது?" ஹேமந்த் நிஜமாகவே ஆச்சரியப்பட்டான். "நானும் சேர்ந்து மறைச்சேன்னு ஆயிடாதா? அம்மா மூஞ்சில எப்படி முழிக்கிறது?"

பக்கத்து மேஜையில் யாரோ பில் கேட்டார்கள். தாரணி காபியைத் தொடவே இல்லை, ஆடை படிந்துகொண்டிருந்தது.

"எல்லாம் சரியாத்தான் போய்க்கிட்டிருந்துச்சு" என்றான் அவன். குரலில் கோபம் இல்லை, வருத்தம்தான் இருந்தது. கோபமாக இருந்திருந்தால் தேவலை. "நீயும் சும்னே இருந்திருக்கலாம் தாரணி. சின்னப் பொண்ணு, என்னத்தையோ கேட்டா. அது வேற மங்களன்னு சொல்லியிருந்தா முடிஞ்சிருக்கும். யாருக்கு என்ன நஷ்டம்?"

"மனிஷா சரியாத்தான் கண்டுபிடிச்சா."

"அதுக்காக?"

அதற்காக என்ன என்று அவனுக்கு விளங்க வைக்க முடியும் என்று தாரணிக்குத் தோன்றவில்லை. பொய்க்காரி என்று திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள், அதற்குத் தயாராகத்தான் வந்திருந்தாள். அப்பா, அம்மா, கட்டிக்கொள்ள இருந்தவன், மூன்று பேருக்கும் அவள் மறைத்தது குற்றமாகப் படவில்லை. உண்மையைச் சொன்னதுதான் குற்றம். இவனுக்கு எப்படி இளம்பச்சைச் சேலை கட்டிக்கொண்டு வந்தேன் என்று அவளுக்குத் தன் மேலேயே ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. எழுந்து தன் காபிக்குத் தானே காசு கொடுத்துவிட்டு வெளியே வந்தாள்.

மாப்பிள்ளை வீட்டார் தட்டைத் திருப்பிக் கொடுத்தனுப்பினார்கள். அதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. மாதக் கடைசியில் பள்ளியில் அறிவியல் நாள் இருந்தது.

நான்காம் வகுப்பின் பங்கு சூரியக் குடும்பம். எட்டுப் பிள்ளைகள் அட்டையில் வட்டம் வெட்டி வண்ணம் பூசிக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, வரிசையாக நின்று, ஒவ்வொருவராகத் தம்மை அறிமுகப்படுத்திக்கொள்ள வேண்டும். மங்கள வேஷம் மனிஷாவுடையது. சிவப்புதான் வேண்டும் என்று அடம் பிடித்து வாங்கிக்கொண்டவள். தாரணி அவளுக்காகக் கன்னடத்தில் எழுதிக் கொடுத்த வசனம் இது: "நான் மங்கள. பூமியின் பக்கத்து வீடு. என் நிறம் சிவப்பு. அது கோபம் இல்லை, துரு." துரு என்ற இடம் வந்ததும் மனிஷா ஒவ்வொரு முறையும் சிரித்துவிடுவாள்.

அறிவியல் நாளுக்கு முந்தின வாரம் பல்லவியிடமிருந்து தகவல் வந்தது. மனிஷாவுக்கு அந்தக் கிரகம் வேண்டாம், வேறு ஏதாவது கொடுங்கள் என்று. தாரணி வேறொரு பெண்ணைக் கேட்டாள். "அம்மா வேண்டான்னாங்க மிஸ்" என்று அவளும் தலையைக் குனிந்தாள். பெற்றோர்களின் வாட்ஸ்அப் குழுவில் மிஸ்ஸின் ஜாதகம் ஏற்கெனவே சுற்றி வந்துவிட்டது. செவ்வாய் தோஷத்தைக் குஜதோஷம் என்று அவர்கள் தங்கள் பாஷையில் சொல்லிக்கொண்டார்கள். எல்லா பாஷையிலும் அதற்கு ஒரு பெயர் இருந்தது. கடைசியில் பரத் என்ற பையன் சம்மதித்து அட்டையையும் மாட்டிக்கொண்டான். அன்று மாலையே அவன் அம்மா வந்து அதைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, "இவனுக்கு முன்னாலேயே கோபம் ஜாஸ்தி மிஸ், இதுவும் வேண்டாம்" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டுப் போனாள்.

தலைமையாசிரியை லக்ஷ்மம்மா நல்ல மாதிரி. கதவைச் சாத்திவிட்டு, கன்னடத்தில் மெதுவாகத்தான் சொன்னார். "அந்த ஒன்றை மட்டும் விட்டுவிடலாமே தாரணி. ஏழு போதாதா? யார் எண்ணப் போகிறார்கள்?"

"பிள்ளைங்க எண்ணுவாங்க மேடம்" என்றாள் தாரணி. "நானே நிக்கறேன்."

அறிவியல் நாளன்று பள்ளி முற்றத்தில் ஷாமியானா போட்டு நாற்காலிகள் நிறையப் பெற்றோர்கள். முதல் வரிசையில் பல்லவி, கையில் செல்போனோடு. பிள்ளைகள் மேடைக்குப் பின்னால் வரிசையில் நின்றார்கள். தாரணி சிவப்பு அட்டையைத் தன் கழுத்தில் மாட்டிக்கொண்டு நான்காவதாகப் போய் நின்றாள். அட்டை சின்னப் பிள்ளைக்காகச் செய்தது. கயிறு போதாமல் தொண்டைக் குழியிலேயே வந்து உட்கார்ந்துகொண்டது.

மூன்றாவது பூமி. மனிஷாவுக்குக் கடைசியில் அதைத்தான் கொடுத்திருந்தார்கள். நீல அட்டையைப் பிடித்துக்கொண்டு அவள் தாரணியை நிமிர்ந்து பார்த்தாள்.

"மிஸ்."

"என்ன மனிஷா?"

"உங்க பக்கத்துல நிக்க வேண்டாம்னு அம்மா சொன்னாங்க." அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டிருந்தது. "ஆனா பூமிக்குப் பக்கத்துல மங்களதானே மிஸ்? என்ன பண்றது?"

எத்தனை பேர் சேர்ந்து செய்த கெட்டிக்காரத்தனம் கடைசியில் இந்தப் பிள்ளை தலையில் வந்து விடிந்திருக்கிறது என்று தாரணி நினைத்தாள். "நடுவுல ரொம்ப தூரம்னு சொல்லிக்கொடுத்தேன்ல?" என்றாள். "அதை ஞாபகம் வெச்சுக்கிட்டு, நல்லா தள்ளி நில்லு. தப்பில்ல."

மனிஷா நன்றாகவே கற்றுக்கொள்ளும் பிள்ளை. தள்ளித் தள்ளிப் போய்ச் சுக்கிரனை இடித்துக்கொண்டு நின்றாள்.

புதன் சொன்னது, சுக்கிரன் சொன்னது, பூமியும் தன் மேல் மட்டும்தான் உயிர்கள் இருப்பதாகச் சொல்லி முடித்தது. ஒலிபெருக்கி தாரணியின் கைக்கு வந்தது. முற்றத்தில் சலசலப்பு அடங்கியது. எல்லோருக்கும் எல்லாம் தெரிந்திருந்தது.

"நான் மங்கள" என்றாள் கன்னடத்தில். "பூமியின் பக்கத்து வீடு. என் நிறம் சிவப்பு."

அடுத்த வரி வரவில்லை. மறக்கவில்லை. அவள் எழுதிய வரிதான். கோபம் இல்லை என்பது மட்டும் வாயில் புரள மறுத்தது. முதல் வரிசையில் தூக்கிப் பிடித்த செல்போனைப் பார்த்தாள். அப்பாவின் சத்தியத்தையும், ஆடை படிந்த காபியையும், பரத்தின் அம்மாவின் மரியாதையையும் நினைத்தாள். தொண்டையில் அட்டைக் கயிறு அறுத்தது.

மிஸ்ஸுக்கு வசனம் மறந்துவிட்டது என்று மனிஷா நினைத்துக்கொண்டாள். சுக்கிரன் பக்கத்தில் இருந்தபடியே, அம்மாவை ஒரு தரம் பார்த்துவிட்டு, மேடைக்கே கேட்கிற மாதிரி கிசுகிசுத்தாள்.

"அது கோபம் இல்லை மிஸ். துரு."

பிள்ளை சொல்லிக்கொடுத்ததை மிஸ் திருப்பிச் சொன்னாள். "அது கோபம் இல்லை, துரு."

அந்தப் பள்ளியில் தாரணி சொன்ன முதல் பொய் அதுதான். எல்லோரும் கைதட்டினார்கள்.